மலைவழியும் ஈர்யா சமிதியும்
(இல்லறத்தார்க்கு ஒரு பாடம்)



எங்கள் ஊர் ஜினாலயத்தில் ஞாயிறுதோறும் சமய வகுப்பு நடைபெற்று வருகிறது. அதில் பயிலும் மாணாக்கர்களை மதுரையைச் சூழ்ந்துள்ள குன்றுகளுக்கு அழைத்துச் செல்ல வேண்டுமென்பது நெடுநாளைய விருப்பம். சென்ற ஆண்டு கார்த்திகைத் திங்களில் செல்வதெனத் தீர்மானித்து, ஊர்ப் பெரியவர் ஒருவரையும் உடன்வருமாறு வேண்டினேன். விரதங்களைப் பிறழாது காத்துவரும் முதிய சிராவகர் அவர். சற்று நேரம் சிந்தித்துவிட்டு, “யாத்திரை என்றால் வருகிறேன். மலையைச் சுற்றிப் பார்க்கும் உலா என்றால் எனக்கு விரதம் குறுக்கே நிற்கிறது. இரண்டில் எது என்று நீங்களே சொல்லுங்கள்” என்றார்.

உடனே விடை கூற என்னால் இயலவில்லை. அவர் எழுப்பிய வினா விளையாட்டாக எழுப்பப்பட்டதன்று. இன்று விடுமுறை வந்தால் மலைக்கும் அருவிக்கும் செல்வது நம் இல்லங்களிலும் வழக்கமாகிவிட்டது. அவ்வாறு செல்வது இல்லறத்தாரின் விரதங்களுக்குப் பொருந்துமா? பொருந்துமாயின் எவ்வாறு செல்ல வேண்டும்? இவற்றை ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

பயனற்ற தீங்கு

பெரியவர் மனத்திற் கொண்டிருந்தது அனர்த்த தண்ட விரதம். ஆசாரிய சமந்தபத்திரர் அருளிய இரத்தின கரண்டக சிராவகாசாரத்திலும், அதனைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச் செப்பிலும் இவ்விரதம் குணவிரதங்கள் மூன்றனுள் ஒன்றாக வைத்து விளக்கப்படுகின்றது. ‘அனர்த்தம்’ என்றால் பயனற்றது; ‘தண்டம்’ என்றால் பிற உயிர்க்குச் செய்யும் தீங்கு. உழவும் சமையலும் வாணிபமும் நடத்தும் இல்லறத்தானால் சில தீங்குகளை முற்றும் தவிர்க்க இயலாது. ஆனால் எந்தப் பயனும் இன்றிச் செய்யும் தீங்கைத் தவிர்க்க யாராலும் இயலும். ஆகவேதான் அதனைத் தனியே ஒரு விரதமாக வகுத்தனர்.

அனர்த்த தண்டம் ஐவகைப்படும். அவை பாபோபதேசம், ஹிம்சாதானம், அபத்தியானம், துஸ்ருதி, பிரமாதசரியை என்பன. இவற்றுள் இறுதியாகிய பிரமாதசரியை நம் வினாவோடு நேரே தொடர்புடையது. வீணே மண்ணைக் கிளறுதல், நீரை இறைத்தல், தீ மூட்டுதல், காற்றை எழுப்புதல், செடி கொடிகளை ஒடித்தல் ஆகியன அதனுள் அடங்கும். அத்துடன், காரணமின்றித் திரிதலும், பிறரைத் திரியச் செய்தலும் அதில் அடங்கும்.

உல்லாசப் பயணத்தில் நாம் செய்வனவற்றை இப்பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பேசிக்கொண்டே கை ஒரு கிளையை ஒடிக்கிறது. கால் ஒரு கல்லை உருட்டுகிறது. சுனையைக் கண்டால் கல்லெறியத் தோன்றுகிறது. குளிர்காலமென்றால் சருகைக் கூட்டித் தீ மூட்டுகிறோம். இவற்றால் நமக்கு எந்தப் பயனும் இல்லை. மாணாக்கரை அழைத்துச் செல்லும் ஆசிரியனோ, திரிவதோடு பிறரைத் திரியச் செய்த குற்றத்திற்கும் ஆளாகிறான். பெரியவர் தயங்கியதில் நியாயம் இருந்தது.

நான்கு நிபந்தனைகள்

ஆனால் நம் முனிவர்கள் நடந்தவர்களே அல்லவா? ஊர்தியின்றி, காலணியின்றி, நாடு முழுவதும் நடந்து அறம் பரப்பினார்கள். அவர்கள் நடையை நெறிப்படுத்துவது ஈர்யா சமிதி. ஐந்து சமிதிகளில் இது முதலாவது. மூலாசாரம் முதலிய நூல்களின் கருத்தைத் திரட்டினால் இதில் நான்கு நிபந்தனைகள் உள்ளன.

1. பலரும் நடந்து பழகிய, உயிர்கள் அருகிய வழியில் நடத்தல்.
2. பகலொளியில் நடத்தல்.
3. முன்னே நான்கு முழ அளவு நிலத்தை நோக்கி நடத்தல்.
4. தக்க காரியம் பற்றி நடத்தல்.

முதல் மூன்றும் எவ்வாறு நடப்பது என்பதைக் கூறுகின்றன. நான்காவது ஏன் நடப்பது என்பதைக் கேட்கிறது. பயணத்தை யாத்திரையாக்குவது செல்லும் இடம் மட்டுமன்று. புனிதத் தலத்திற்கே சென்றாலும் இந்நான்கினையும் மறந்தவன் உலாவியவனே ஆவான்.

இவ்விளக்கத்தைப் பெரியவரிடம் கூறினேன். அவர் மகிழ்ந்து, மேலும் ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: “கார்த்திகையில் வேண்டாம், தையில் வைத்துக்கொள்ளுங்கள்.”

அதன் காரணம் சிந்திக்கத்தக்கது. மழைக்காலம் நான்கு திங்களும் முனிவர்கள் ஓரிடத்தில் தங்குவதைச் சாதுர்மாஸ்யம் என்கிறோம். ஈர மண்ணில் புல்லும் புழுவும் பூச்சியும் பெருகுவதால் அடி வைக்க இடமின்றிப் போகும் என்பதே அதன் காரணம். சாதுர்மாஸ்யம் ஆடி, கார்த்திகை எனும் வடபுல மாதக் கணக்கில் தீபாவளியை ஒட்டி நிறைவுறுகிறது. தமிழகத்திலோ வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில்தான் பெய்கிறது. அப்போது நம் குன்றடிகளில் செந்நிறத் தம்பலப் பூச்சிகளும் மரவட்டைகளும் வழியெங்கும் ஊர்வதைக் காணலாம். விதியின் நாளை மட்டும் எண்ணுபவன் கார்த்திகையில் புறப்பட்டுவிடுவான். விதியின் காரணத்தை உணர்ந்தவன் மண் உலரும்வரை காத்திருப்பான். அவ்வாறே பொங்கல் விடுமுறைக்குப் பயணத்தை மாற்றினோம்.

சமணர்மலை

மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளைச் சமணர்க்குரிய எண்பெருங்குன்றம் என்று பண்டையோர் வழங்கினர். திருப்பரங்குன்றமும் யானைமலையும் அவற்றுள் அடங்கும். கல்வெட்டில் திருவுருவகம் எனப் பெயர் பெறும் சமணர்மலையும் அவ்வரிசையில் ஒன்று. நகருக்கு மேற்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில், நாகமலைப் புதுக்கோட்டைக்கு அண்மையில், கீழக்குயில்குடி என்னும் ஊரில் இம்மலை கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது. மலையடியில் தாமரைக்குளமும், ஆலமரங்களும், அய்யனார் கோயிலும் உள்ளன. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் இது.

கதிரவன் எழுந்து நிலம் தெளிவாகத் தெரியத் தொடங்கிய பின்னரே நடக்கத் தொடங்கினோம். இரண்டாம் நிபந்தனையை நினைவிற் கொண்டு, சூரியோதயத்தை உச்சியிலிருந்து காணவேண்டும் என்ற சில மாணாக்கரின் ஆவலை மறுக்க வேண்டியதாயிற்று.

முதலில் மலையின் தென்மேற்குப் பகுதியிலுள்ள செட்டிப்புடவுக்குச் சென்றோம். ‘புடவு’ என்பது குகை. அதன் வாயிலருகே பாறையில் பெரியதொரு தீர்த்தங்கரர் திருமேனி அமர்ந்த கோலத்தில் செதுக்கப்பட்டுள்ளது. நீண்ட காதுகளைக் கண்டு இதனைச் செட்டியார் என்று அவ்வூர் மக்கள் கருதியதால் குகைக்கு இப்பெயர் வந்தது என்பர். குகையின் உட்புறம் குவிந்த கூரையில் ஐந்து சிற்பங்கள் வரிசையாக உள்ளன. நடுவில் முக்குடையின்கீழ் அமர்ந்த தீர்த்தங்கரர் மூவர், இருபுறமும் இயக்கியர். இயக்கியருள் ஒருத்தி சிங்கத்தின்மீது அமர்ந்து, யானைமேல் வருபவனை எதிர்த்து வில் வளைக்கிறாள். போரும் சீற்றமும் ஒரு மூலையில் நிகழ, மூவர் முகத்திலும் சிறு அசைவும் இல்லை. மாணாக்கர்கள் இதனை நெடுநேரம் நோக்கி நின்றார்கள்.

பின்பு அய்யனார் கோயிலருகே திரும்பி, பாறையில் அமைந்த படிகளின் வழியே பேச்சிப்பள்ளத்திற்கு ஏறினோம். சுனையொன்றின் மேலுள்ள பாறை முகப்பில் எட்டுத் திருமேனிகள் ஒரே வரிசையில் அமைந்துள்ளன. நின்ற கோலப் பார்சுவநாதர், பாகுபலி, அமர்ந்த தீர்த்தங்கரர்கள் ஆகியோரை இங்கே காணலாம். திருமேனிகளின்கீழ் கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்த வட்டெழுத்துப் பொறிப்புகள் உள்ளன. அச்சணந்தி என்னும் முனிவரின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்பது அவற்றுள் ஒரு செய்தி. குணசேன தேவர் என்னும் ஆசிரியரும், அவர் வழிவந்த மாணாக்கரும், குறண்டி என்னும் ஊரின் திருக்காட்டாம்பள்ளியைச் சார்ந்தோரும் இம்மலையின் கல்வெட்டுகளில் குறிக்கப்படுகின்றனர். ஆகவே இது துறவியர் ஒதுங்கிய தனிமைக் குகையாக மட்டும் இருக்கவில்லை. பாடம் சொல்வோரும் கேட்போரும் நிறைந்த ஒரு கல்விக்கூடமாக விளங்கியது.

இதற்கும் மேலே மாதேவிப் பெரும்பள்ளியின் அடித்தளம் மட்டும் எஞ்சியுள்ளது. பராந்தக வீரநாராயண பாண்டியன் காலத்தில், அவன் தேவியின் பெயரால் எழுந்த பள்ளி இது என்பர். சுவரும் கூரையும் மறைந்துவிட்டன. உச்சியில் தீபத்தூண் ஒன்று நிற்கிறது. அருகே கன்னட மொழிக் கல்வெட்டு ஒன்றும் உள்ளது. கன்னட நாட்டுத் துறவியரும் இம்மலைக்கு வந்து தங்கினர் என்பதற்கு அது சான்று. அவர்கள் அனைவரும் நடந்தே வந்தனர் என்பதை மாணாக்கர்க்கு நினைவூட்டினேன். மேலிருந்து நோக்கினால் கீழே தாமரைக்குளமும், வயல்களும், ஒருபுறம் நாகமலைத் தொடரும், தொலைவில் நகரமும் விரிகின்றன. காண்டற்கினிய அக்காட்சியில் மனம் மகிழ்வது குற்றமன்று. அதனை உடைமையாக்க விழையும்போதே குற்றம் தொடங்குகிறது.

என் பிழை

இங்கே என் பிழை ஒன்றை மறைக்காமல் எழுதுவது கடமை. பேச்சிப்பள்ளத்தில் வட்டெழுத்துகள் தேய்ந்து மங்கியிருந்தன. மாணாக்கர்க்குத் தெளிவாகக் காட்டவேண்டும் என்னும் ஆர்வத்தால், பையிலிருந்த சுண்ணக்கட்டியை எடுத்து ஓர் எழுத்தின்மேல் தீட்டத் தொடங்கினேன். இரண்டு எழுத்துகள் முடிந்திருக்கும். அவ்வழியே ஆடுகளை ஓட்டிவந்த ஊர் முதியவர் ஒருவர் நின்று, “ஏன் சாமி, போன தடவை வந்தவுக பூசினதே இன்னும் போகலையே” என்றார்.

அவர் குரலில் சினம் இல்லை. அதுவே என்னைச் சுட்டது. சுண்ணக்கட்டியின் தூள் எழுத்தின் குழிவில் படிந்து தங்கிவிடுகிறது. துடைக்கும்போது கல்லின் மேற்பரப்பும் தேய்கிறது. அறியாதவன் தவறாகத் தீட்டிவிட்டால், அடுத்து வருபவன் அத்தவற்றையே கல்வெட்டென்று படிக்கிறான். மங்கிய எழுத்தைக் காணக் கல்லைத் தொடவே தேவையில்லை. காலையிலோ மாலையிலோ வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும்போது எழுத்தின் குழிவில் நிழல் தேங்கி, எழுத்துகள் தாமே எழுந்து நிற்கும். வெயில் விழாத இடத்தில் கைவிளக்கைச் சாய்வாகப் பிடித்தால் போதும். மைப்படி எடுப்பது தொல்லியல் துறையினரின் பணி. இவையெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் செய்தேன். பிரமாதம் என்று நூல்கள் கூறும் கவனக்குறைவு இதுதான் என்பதை அன்று உணர்ந்தேன். நல்ல நோக்கம் இருந்ததால் தீங்கு நற்செயலாகிவிடவில்லை.

மாணாக்கர்கள் முன்னிலையிலேயே அம்முதியவரிடம் பொறுத்தருளுமாறு கேட்டுக்கொண்டேன். அதன்பின் மற்றொன்றையும் அவர்கட்குக் காட்டினேன். அருகிலுள்ள பாறைகளில் வந்துபோனோர் பலர் தம் பெயர்களைக் கீறி வைத்துள்ளனர். குணமதியாரின் பெயரும் கல்லில்தான் உள்ளது. அவர் பெயர் ஒரு திருமேனியின் அடியில், அதனைச் செய்வித்தவர் என்ற அளவில் நிற்கிறது. கீறப்பட்ட பெயர்களோ, கீறியவர் அங்கே வந்தார் என்பதைத் தவிர வேறெதையும் கூறவில்லை.

மற்றைய நான்கு சமிதிகள்

மலைவழியில் ஈர்யா சமிதி மட்டுமன்றி, ஏனைய நான்கும் இல்லறத்தார்க்கு வழிகாட்டும்.

பாஷா சமிதி: சொல்லில் அடக்கம். குகையில் கூவுதலும், ஒலிபெருக்கியில் பாட்டிசைத்தலும் ஆகா. பாறை முகடுகளில் மலைத்தேனீக்கள் கூடு கட்டும். புகையும் இரைச்சலும் அவற்றைக் கலைக்கும். கலைந்த தேனீக் கூட்டத்தால் அவற்றுக்கும் கேடு, வந்தோர்க்கும் கேடு.

ஏஷணா சமிதி: உணவில் தூய்மை. வடிகட்டிய நீரை வீட்டிலிருந்தே கொண்டு செல்க. சுனைநீரைக் கலக்க வேண்டா. பாறைக்குழிகளில் தேங்கும் சிறு நீரிலும் கண்ணுக்கெட்டா உயிர்கள் பல வாழ்கின்றன. கதிர் மறையுமுன் உணவு முடித்து இறங்கிவிடுக. குரங்குகட்குத் தின்பண்டம் கொடுப்பதைத் தானம் என்று எண்ணுவோர் உளர். அது அவற்றை இரந்துண்ணப் பழக்கி, பறித்துண்ணத் தூண்டி, இறுதியில் அடிபடச் செய்கிறது.

ஆதான நிக்ஷேபண சமிதி: எடுத்தலிலும் வைத்தலிலும் கவனம். கிடக்கும் கல்லைப் புரட்டாதீர்கள். அதன் அடியில் தேளும் அரணையும் எறும்பும் தம் இல்லத்தில் இருக்கின்றன. பையை வைக்குமுன் இடத்தை நோக்குக. எடுத்தபின் உதறி நோக்குக.

உத்சர்க்க சமிதி: கழிப்பனவற்றை உயிரில்லாத தூய இடத்தில் விடுதல். மலைக்குப் பொருத்திச் சொன்னால், கொண்டுசென்ற நெகிழிப் பையும் தாளும் தோலும் நம்முடனேயே கீழே இறங்க வேண்டும்.

மலையைக் காப்பவர் யார்?

மதுரை மாவட்டத்தில் நம் சமயத்தார் இன்று மிகச் சிலரே. தமிழ்ச் சமணர் பெரும்பாலும் வட மாவட்டங்களில் வாழ்கிறோம். அவ்வாறாயின் இத்திருமேனிகளைக் காத்து நிற்பவர் யார்? மலையடியில் வாழும் ஊர்மக்களே. திருமேனி இன்னாரென அறியாத காலத்தும் அவர்கள் அதனைச் சிதைக்கவில்லை. 2010ஆம் ஆண்டு முதல் மதுரையில் ‘பசுமை நடை’ என்னும் இயக்கத்தார் பொதுமக்களை இக்குன்றுகளுக்கு அழைத்துச் சென்று, கல்வெட்டுகளையும் சிற்பங்களையும் விளக்கி வருகின்றனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் நம் சமயத்தவர் அல்லர்.

மேலூர் வட்டத்து அரிட்டாபட்டியை எண்ணிப் பாருங்கள். பிராமி எழுத்துகளும், அச்சணந்தியின் பெயரோடு கூடிய தீர்த்தங்கரர் சிற்பமும் உள்ள குன்று அங்கே இருக்கிறது. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களைச் சார்ந்த 193 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பு, 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இராசாளிப் பறவைகளும் தேவாங்கும் எறும்புத்தின்னியும் வாழுமிடம் அது. அவ்வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கம் அமைக்கும் உரிமைக்கான ஏல முடிவு 2024 நவம்பரில் வெளியானபோது, உழவர்களும் பெண்களும் திரண்டு எதிர்த்தனர். 2025 சனவரியில் ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. அவர்கள் காத்தது தம் வயலையும் ஏரியையும். அவற்றோடு நம் முன்னோர் செதுக்கிய திருமேனியையும்.

அக்குன்றங்களைப் பற்றிப் பெருமை பேசும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. எண்பெருங்குன்றம் என்று மேடையில் முழங்குவோருள் எத்தனை பேர் அங்கே ஒருமுறையேனும் சென்றிருக்கிறோம்? காணாத ஒன்றைக் காக்கும் எண்ணம் தோன்றாது. நம் பிள்ளைகள் அங்கே செல்லவேண்டும் என்பதற்கு இதுவே தக்க காரியம். நான்காம் நிபந்தனைக்கு இங்கே விடை கிடைக்கிறது.

முடிவுரை

பேச்சிப்பள்ளத்துப் பாகுபலியின் முன் பெரியவர் நெடுநேரம் நின்றார். உடலைத் துறந்த காயோத்சர்க்க நிலையில் அவர் ஓராண்டு அசையாது நின்றார் என்றும், கொடிகள் அவரைக் கொழுகொம்பாகக் கொண்டு படர்ந்தன என்றும் நம் புராணம் கூறும். எவ்வுயிர்க்கும் அச்சம் தராத நிலையின் எல்லை அது. கொடியும் அஞ்சாமல் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஒருவர் நின்றார். நாமோ நடக்க வேண்டியவர்கள். அவ்வாறு நிற்க இயலாதவன், நடக்கும்போதாவது நிலத்தை நோக்கி நடக்கலாம் அல்லவா?

கீழே இறங்கியதும் தாமரைக்குளக் கரையில் ஆலமர நிழலில் அமர்ந்தோம். வழிநடையில் அறிந்தும் அறியாமலும் நேர்ந்த தீங்குகளுக்கு வருந்தி, ஈர்யாபத சுத்தி செய்வித்தார் பெரியவர். ஓரறிவு முதல் ஐயறிவு வரை உள்ள உயிர்களை ஒவ்வொன்றாக நினைந்து, மிதித்ததையும் கலைத்ததையும் அச்சுறுத்தியதையும் எண்ணி, அத்தீங்கு பயனற்றுப் போகுக என்று மாணாக்கர் அனைவரும் கூறினர். நான் அந்த இரண்டு எழுத்துகளையும் நினைந்து கூறினேன்.

எழுந்தபோது பெரியவரிடம், “ஐயா, இது யாத்திரையா, உலாவா?” என்று கேட்டேன். “போகும்போது பாதி உலா. திரும்பும்போது யாத்திரை” என்றார்.

மாணாக்கர் சிந்தனைக்கு

1. அனர்த்த தண்டம் ஐவகை யாவை? பிரமாதசரியையுள் அடங்கும் செயல்களில் நீங்கள் சென்ற பயணத்தில் செய்தவை எவை?
2. ஈர்யா சமிதியின் நான்கு நிபந்தனைகளைக் கூறி, பள்ளிக்கு நடந்து செல்லும்போது அவற்றை எவ்வாறு பின்பற்றலாம் என எழுதுக.
3. சாதுர்மாஸ்யத்தின் காரணம் யாது? உங்கள் ஊரில் மழை பெய்யும் திங்கள்கள் எவை?
4. மங்கிய கல்வெட்டைக் கல்லுக்குத் தீங்கின்றிக் காண்பது எப்படி?
5. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள சமணச் சின்னம் ஒன்றிற்குப் பெற்றோருடன் சென்று, அதனை இன்று காத்துவருபவர் யார் என்று கேட்டறிந்து எழுதுக.

அறம் வளர்க! அருகன் நெறி தழைக்க!